லென்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி சவுக்குக் கம்பைப் பாருங்க

உங்ககிட்ட சொந்தமா கேமரா இருக்கா? இல்ல காலேஜ் போட்டோகிராபி கிளப் கேமராவை ஆளுக்கு ஒரு நாள்னு தூக்கிட்டு அலையுறீங்களா? எதுவா இருந்தாலும் ஒரு நாள் இந்த நினைப்பு வரும்: "இந்த லென்ஸ் பத்தல, பெருசா ஒண்ணு வாங்கணும்." எனக்கும் வந்துச்சு. பத்து மாசம் அந்த நினைப்போடயே இருந்தேன். கையில இன்டர்ன்ஷிப்ல சேர்த்த 30,000 ரூபாய். எதிர்ல, செகண்ட் ஹேண்ட் 70-200 லென்ஸை 28,000-க்குத் தர்றேன்னு சொன்ன சீனியர் அண்ணன் ஒருத்தர். ஜிபே-ல நம்பர் வரைக்கும் அடிச்சுட்டு அழிச்சிருக்கேன், ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

இந்தக் கட்டுரை எந்த லென்ஸ் நல்ல லென்ஸ்னு சொல்ற கட்டுரை இல்லை. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. உங்க போட்டோ ஏன் சொதப்புதுன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது எப்படி, அதுக்கப்புறம் காசு செலவு பண்றதா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது, அதைத்தான் சொல்லப் போறேன். என் கதையை வச்சே சொல்றேன், ஏன்னா எனக்கு வேற கதை தெரியாது.

எங்க ஊர் அலங்காநல்லூர். ஹாஸ்டல்ல பேரைச் சொன்ன உடனே "டேய், மாடு பிடிப்பியா?"ன்னு கேட்ட ஊர். இல்லப்பா, போட்டோதான் பிடிப்பேன். தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 எங்க ஊர், இதுதான் வரிசை. 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை வந்தப்போ நான் ரொம்பச் சின்னப் பையன். 2017 ஜனவரியில ஊரே வாடிவாசல் முன்னாடி உட்கார்ந்தப்போ ஏழாம் வகுப்பு. அந்த வருஷம் தை 3-க்குப் பதிலா பிப்ரவரி 10-ம் தேதிதான் எங்க ஊர்ல மாடு அவிழ்த்தாங்க. அன்னைக்கு அப்பா போன்ல நான் எடுத்த படம் ஒண்ணு இன்னும் இருக்கு. அதுல மாடு எதுன்னு நான் கைவச்சுக் காட்டினாத்தான் உங்களுக்குத் தெரியும்.

எங்க பெரியப்பா வீட்டுக் காளை பேரு காரி. புலிக்குளம் மாடு, கொம்பு நுனி தவிர மத்த எல்லாம் கறுப்பு. காரிக்கு வயசாகிட்டே வருது. ஆன்லைன்ல பதிவு பண்ணி, கால்நடை டாக்டர்கிட்ட தகுதிச் சான்று வாங்கி, டோக்கன் கிடைச்சாத்தான் வாடிவாசலுக்கே போக முடியும். போன வருஷம் பொங்கலுக்குக் கிடைச்சது. பெரியப்பா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "தம்பி, இவன் இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. வாடியை விட்டு வர்ற மாதிரி பெருசா ஒரு படம் போட்டுக் குடுய்யா, வீட்ல மாட்டணும்."

அத்தை வீட்டு மொட்டை மாடியில இருந்து காரி ஓடி வர்ற பாதைக்கு 30 மீட்டர் இருக்கும். என் கேமரா கேனான் 1500டி, லென்ஸ் அது கூடவே வந்த 55-250. காரி காலையில வந்தான். நாலு பேரைச் சுத்த விட்டுட்டுப் போனான். நான் ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதுலயும் காரி கறுப்புப் புகை மாதிரி இருந்தான்.

பெரியப்பா ஒண்ணும் சொல்லல. "சரி விடுய்யா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், லென்ஸ்தான் குற்றவாளின்னு. விசாரணையே இல்லாம தீர்ப்பு.

இப்போ விசாரணைக்கு வருவோம்.

கலங்கின போட்டோ எல்லாம் ஒரே வியாதி இல்லை. நாலு வியாதி இருக்கு, வெளியில பார்க்க நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்க படத்தைக் கம்ப்யூட்டர்ல 100 சதவீதத்துக்குப் பெருசாக்குங்க. மாட்டைப் பார்க்காதீங்க. அசையாம இருக்கிற ஏதாவது ஒண்ணைத் தேடுங்க. எங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை: தடுப்புக்கு நட்ட சவுக்குக் கம்பு, கேலரிப் பலகை, ஃப்ளெக்ஸ் பேனர் எழுத்து.

கம்பு நல்லா ஷார்ப்பா இருந்து மாடு மட்டும் கலங்கியிருந்தா, மாடு ஓடின வேகத்துக்கு உங்க ஷட்டர் ஸ்பீடு பத்தல. கம்பு, மாடு, மனுஷன் எல்லாமே ஒரே திசையில இழுத்த மாதிரி இருந்தா, ஆடினது உங்க கை. மாடும் கலங்கி, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற ஏதோ ஒண்ணு மட்டும் கச்சிதமா இருந்தா, ஃபோகஸ் தப்பான இடத்துல விழுந்திருக்கு. எதைப் பார்த்தாலும், எந்த மூலையைப் பார்த்தாலும், கொஞ்சம் கண்ணாடி போடாத மாதிரியே இருந்தா, அப்பதான் லென்ஸ் மேல சந்தேகப்படணும். அதையும் உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. நல்ல வெளிச்சத்துல ஒரு நியூஸ்பேப்பரைச் சுவர்ல ஒட்டுங்க. ட்ரைபாட்ல கேமராவை வச்சு, 2 செகண்ட் டைமர் போட்டு, எஃப் 5.6-ல ஒண்ணு, எஃப் 8-ல ஒண்ணு எடுங்க. எழுத்து படிக்கிற மாதிரி வந்தா லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. என்னோடது எஃப் 8-ல ஒரு பொடி கூர்மையா இருந்துச்சு, 5.6-லயும் ராசிபலன் வரைக்கும் படிக்க முடிஞ்சது.

என் ஒன்பது படத்துல ஏழுல சவுக்குக் கம்போட பட்டை கூடத் தெளிவா தெரிஞ்சது. இதைப் பார்க்க எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. அதுவரைக்கும் மாட்டை மட்டுமே பார்த்துட்டு இருந்திருக்கேன்.

சரி, எவ்வளவு கலங்கியிருக்குன்னு கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, இது எம்-3 பேப்பர் இல்ல, எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்சிஃப்னு ஒரு ஜாதகம் ஒளிஞ்சிருக்கும்: ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, எத்தனை மி.மீ. ஜூம், எல்லாம். என் படத்தோட ஜாதகம்: 180 மி.மீ., எஃப் 5.6, 1/320 செகண்ட், ஐஎஸ்ஓ 200. கேமராவைப் புரோகிராம் மோடுல விட்டுட்டு, "ஐஎஸ்ஓ ஏத்தினா புள்ளி வரும்"னு யாரோ சொன்னதை நம்பி 200-ல பூட்டி வச்சிருந்தேன்.

1500டி சென்சார் அகலம் 22.3 மி.மீ. தூரத்தை சென்சார் அகலத்தால பெருக்கி ஃபோக்கல் லெங்த்தால வகுத்தா, படத்துல எவ்வளவு அகலம் அடங்கும்னு வரும். 30 மீட்டர்ல 180 மி.மீ.-க்கு ஏறத்தாழ 3.7 மீட்டர். அந்த 3.7 மீட்டர் 6000 பிக்சல்ல உட்காருது, அதாவது ஒரு பிக்சலுக்கு 0.6 மி.மீ. சொச்சம். காரி செகண்டுக்கு 8 மீட்டர் ஓடுறான்னு வச்சுக்குவோம், மணிக்கு 29 கிலோமீட்டர். 1/320 செகண்ட்ல 25 மி.மீ. நகர்ந்திருப்பான். 40 பிக்சல் இழுவை. கண்ணு, மூக்கு, திமில் எல்லாம் 40 பிக்சல் இழுபட்டா புகைதான் வரும்.

இப்ப அந்த 28,000 ரூபாய் லென்ஸை இங்கே மாட்டிப் பாருங்க. அது 70-200 எஃப் 4. எஃப் 5.6-ல இருந்து எஃப் 4-க்கு வந்தா ஒரு ஸ்டாப், ரெண்டு மடங்கு வெளிச்சம். மத்ததெல்லாம் அப்படியே இருந்தா 1/320 ஆனது 1/640 ஆகும். இழுவை 40-ல இருந்து 20 பிக்சல். ரொம்பப் பெரிய, லட்சத்தைத் தாண்டுற எஃப் 2.8 லென்ஸ் மாட்டினா நாலு மடங்கு வெளிச்சம், இழுவை 10 பிக்சல்.

ஐஎஸ்ஓ-வை மட்டும் 200-ல இருந்து 1600-க்கு ஏத்தியிருந்தா? மூணு ஸ்டாப். 1/2500 செகண்ட். இழுவை 5 பிக்சல். செலவு: ஒரு பட்டனும் ஒரு டயலும்.

இதைக் கணக்குப் போட்ட அன்னைக்கு ராத்திரி மெஸ்ல சாப்பாடு இறங்கல. பத்து மாசமா ஒரு பட்டனுக்காக 28,000 ரூபாய் தேடிட்டு இருந்திருக்கேன்.

அப்ப ஐஎஸ்-னு லென்ஸ் மேல எழுதியிருக்கே, அது நடுக்கத்தைத் தடுக்காதான்னு கேட்பீங்க. தடுக்கும், உங்க கை நடுக்கத்தை. மாட்டோட ஓட்டத்தை இல்லை. தெப்பத்திருவிழா ராத்திரியில வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்து மைய மண்டபத்தை விளக்கு வெளிச்சத்துல கையில பிடிச்சு எடுக்கிறீங்கன்னா ஐஎஸ் தெய்வம் மாதிரி. மண்டபம் எங்கேயும் ஓடாது. ஜல்லிக்கட்டுல 1/1600-க்கு மேல எடுக்கிறப்போ அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். ஒரு வேடிக்கை: நான் வாங்கப் பார்த்த அந்த எஃப் 4 லென்ஸ் பழைய மாடல், அதுல ஐஎஸ்ஸே கிடையாது. ஜல்லிக்கட்டுக்கு நஷ்டம் இல்லை, தெப்பத்துக்கு நஷ்டம்.

அடுத்தது "ரீச்". நம்ம பசங்க லென்ஸ் மாத்தணும்னு சொன்னா பாதி நேரம் இதைத்தான் சொல்வாங்க: இன்னும் கிட்ட இழுக்கணும். 250 பத்தாது, 300 வேணும். அதே ஃபார்முலாவைப் போடுங்க. 30 மீட்டர்ல 250 மி.மீ.-க்கு 2.7 மீட்டர் அகலம் அடங்கும். ஒரு காளையும் திமில்ல தொங்குற ஒரு ஆளும் உள்ள வந்தாலே ஃப்ரேம் நிறைஞ்சிடும். 300-க்கு 2.2 மீட்டர். 250-ல இருந்து 300-க்குப் போறது, நீங்க 30 மீட்டர்ல இருந்து 25 மீட்டருக்கு நடந்து போற மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்பிக்கை இல்லேன்னா உங்க பழைய படங்களையே கேளுங்க. எக்சிஃப்டூல்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு. ஒரு ஃபோல்டரையே குடுத்தா எல்லாப் படத்தோட ஃபோக்கல் லெங்த்தையும் வரிசையாத் தந்துடும். அதை பைத்தான்ல ஒரு ஹிஸ்டோகிராமா போட்டேன் (ஃபைனல் இயர் புராஜெக்ட் தவிர எல்லாத்துக்கும் பைத்தான் எழுதுறேன்னு என் கைடு சொன்னது நிஜம்). ரெண்டு வருஷத்துல ஜல்லிக்கட்டுக்கு எடுத்த 612 படத்துல, 250-ல முட்டி நின்னது வெறும் 41. பெரும்பாலும் 100-க்கும் 190-க்கும் நடுவுல. ரீச் எனக்குப் பிரச்சனையே இல்லைன்னு என் படமே சொல்லிடுச்சு. உங்க ஹிஸ்டோகிராம் வலது ஓரத்துல மலை மாதிரி குவிஞ்சிருந்தா உங்க கதை வேற, நீங்க தாராளமா நீளமான லென்ஸ் பாருங்க. உதாரணத்துக்கு, 2024 ஜனவரி 24-ல திறந்த கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கத்துல போய் எடுக்கிறீங்க, உங்களுக்குக் கிடைச்ச சீட் மாட்டுல இருந்து 60 மீட்டர் தள்ளின்னா 250-க்கு 5.4 மீட்டர் அகலம் அடங்கும். அப்பவும் பதறாதீங்க. 24 மெகாபிக்சல்ல பாதி அகலத்தை வெட்டினாலும் 3000 பிக்சல் மிஞ்சும், 12-க்கு 8 இன்ச் பிரிண்ட்டுக்கு அது தாங்கும்.

இவ்வளவு சொன்னதால பெரிய லென்ஸ் எல்லாம் ஏமாத்து வேலைன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சுட்டுத் திரிஞ்சேன், கணக்குப் போட்ட திமிர்ல. அப்புறம் ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கிட்டேன்.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. மதுரையில ஒரு கடையில 70-200 எஃப் 2.8 ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன், 800 ரூபாய், கூட ஒரிஜினல் ஐடி. சீனியர் அண்ணன்கிட்ட அந்த எஃப் 4-ஐயும் ஒரு நாள் கடன் கேட்டேன். "வாங்கிட்டேன்னு நெனச்சு வச்சுக்கோடா"ன்னு குடுத்தார். காரியை அன்னைக்கு ஓட விட முடியாது. அவன் மண்ணைக் குத்தி, கண்மாயில நீச்சல் அடிச்சு, களைச்சுப் போய் நிக்கிறான். அதனால பெரியப்பா பையனைக் கூப்பிட்டேன். கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு ஸ்ப்ளெண்டர், ஸ்பீடாமீட்டர்ல 30. தோப்பு ஓரத்து மண் ரோட்டுல இங்கிட்டும் அங்கிட்டும் ஓட்டணும். "எதுக்குண்ணே காரி மாதிரி ஓடணும், நான் என்ன மாடா?"ன்னு நான் கேட்கல, அவன்தான் என்னைக் கேட்டான். அவன் எனக்கு அண்ணன்தான், ஆனா நக்கல் பண்றப்ப மட்டும் என்னை அண்ணேன்னு கூப்பிடுவான். ஒரு பரோட்டா செட்டுக்கு ஒத்துக்கிட்டான்.

ஒவ்வொரு லென்ஸ்லயும் 60 படம். நம்பர் பிளேட்டை 100 சதவீதத்துல படிக்க முடிஞ்சா பாஸ், முடியலேன்னா ஃபெயில். ஷட்டர் எல்லாத்துலயும் 1/1600, அதுக்குத் தகுந்த மாதிரி ஐஎஸ்ஓ. மத்தியானம் 12 மணிக்கு: என் 55-250-ல 38 பாஸ், எஃப் 4-ல 42, எஃப் 2.8-ல 43. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. சாயங்காலம் 5.45-க்கு, சூரியன் அடங்குற நேரம்: என்னோடது 13. எஃப் 4-ல 21. எஃப் 2.8-ல 35.

ஒரே ஒரு நாள் டெஸ்ட்தான், இதை வச்சு ஜர்னல்ல பேப்பர் போட முடியாது. ஆனா திசை தெளிவா இருக்கு. சாயங்காலம் ஃபெயில் ஆனதுல பெரும்பாலும் இழுவை இல்லை, ஃபோகஸ். நீங்க ஷட்டரை அமுக்குற வரைக்கும் லென்ஸ் எப்பவும் முழுசாத் திறந்துதான் இருக்கும், நீங்க எந்த எஃப் நம்பர் வச்சிருந்தாலும் சரி. எஃப் 2.8 லென்ஸ் திறந்திருந்தா நாலு மடங்கு வெளிச்சம் உள்ள வருது. கூடவே அந்த லென்ஸ்ல இருக்கிற யூஎஸ்எம் மோட்டார் வேகமாவும் திரும்புது. கறுப்புச் சட்டையில கோடோ, மடிப்போ தெரியாத வெளிச்சத்துல என் லென்ஸ் முன்னயும் பின்னயும் தேடித் தேடி அலைஞ்சது.

ஆக, பெரிய லென்ஸுக்குக் குடுக்கிற காசு எதுக்குன்னா: மங்கின வெளிச்சத்துல ஃபோகஸ் பிடிக்கிறதுக்கு, அப்புறம் ஐஎஸ்ஓ 3200-க்குப் பதிலா 800-ல எடுக்கிறதுக்கு. வேற எதுக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். புழுதி இன்னொரு காரணம். களத்துல கொட்டியிருக்கிற தென்னை நார்க்கழிவு மாடு ஓட ஓடப் பறக்கும். என் 55-250 ஜூம் பண்றப்போ மூக்கை நீட்டி நீட்டி இழுக்கும், காத்தோட தூசியும் உள்ள போகும். அந்த 70-200-கள் உள்ளுக்குள்ளயே ஜூம் ஆகும், நீளம் மாறாது. எடையையும் சொல்லிடறேன். 200 மி.மீ.-ல எஃப் 2.8 வேணும்னா 200-ஐ 2.8-ஆல வகுங்க, 71 மி.மீ. அகலத்துக்கு வெளிச்சத்தை உள்ள விடணும். என் லென்ஸுக்கு 250 வகுத்தல் 5.6, 45 மி.மீ. போதும். அதனாலதான் என்னோடது 390 கிராம், அது ஒன்றரைக் கிலோ. காலையில ஏழு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் மொட்டை மாடியில அதைத் தூக்கிட்டு நிக்கணும். அத்தை மோர் குடுப்பாங்க, அது சரி.

அப்போ கேள்வி இப்படி மாறுது: நீங்க எடுக்கிறது எந்த நேரத்துல? அழகர் வைகையில இறங்குற விடிகாலைதான் உங்க ஆசைன்னா எஃப் 2.8-க்குச் சேமிங்க, நியாயமான ஆசை. காலேஜ் ஆடிட்டோரியம்ல கல்ச்சுரல்ஸ்னா, ஜூமே வேணாம்னு தோணுது. 50 மி.மீ. எஃப் 1.8 ஒண்ணு வாங்குங்க, 160 கிராம். கிட் லென்ஸ் எஃப் 5.6-ல தர்றதை விட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம், விலையும் கம்மி. முன் வரிசையில போய் உட்கார வெட்கப்படாம இருந்தா போதும்.

எனக்கோ காரி. காரி எத்தனை மணிக்கு வருவான்னு யாருக்கும் தெரியாது, வரிசையில நின்னு முறை வரணும். காலையிலயும் வரலாம், நாலு மணிக்கும் வரலாம். மூணு மணிக்கு மேல வீட்டு நிழலும் கேலரி நிழலும் ரோட்டுல விழும். ஆனா அந்த நிழல் 5.45 மணி இருட்டு இல்லை. முழு வெயில்ல இருந்து நாலு ஸ்டாப் குறைஞ்சாக்கூட, எஃப் 5.6-ல ஐஎஸ்ஓ 3200 வச்சா 1/1600 கிடைக்கும். அந்த எஃப் 4 எனக்கு 13-ஐ 21 ஆக்கும், அதுவும் நான் இருக்கப் போகாத இருட்டுல. சீனியர் அண்ணன்கிட்ட லென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கேனானே டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ் பக்கம் போயிட்டதால பழைய இஎஃப் லென்ஸ் விலை இறங்கிட்டே இருக்கு. வாங்குறவங்களுக்கு இது நல்ல செய்தி, அடாப்டர் போட்டு அதே லென்ஸை ஆர் கேமராவுலயும் மாட்டலாம்.

லென்ஸ் மாத்தாம வேற என்னெல்லாம் மாத்தினேன்னு கேளுங்க. முதல்ல ஏஐ செர்வோ, நடு ஃபோகஸ் பாயின்ட் மட்டும். 1500டி-யில இருக்கிற 9 பாயின்ட்ல நடுவுல உள்ளது மட்டும்தான் கிராஸ் டைப், மத்ததை நம்பாதீங்க. கறுப்பு மாட்டு உடம்புல ஃபோகஸ் வைக்காதீங்க. மாடுபிடி வீரர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கலர்ல நம்பர் போட்ட பனியன் குடுப்பாங்க இல்லையா, திமிலை ஒட்டி நிக்கிறவர் பனியன் நம்பர்ல வைங்க, கப்புனு பிடிக்கும். அடுத்தது, ரா ஃபைல் வேணாம். இந்தக் கேமரா ராவுல 11 படம் எடுத்தா மூச்சு வாங்கும், ஜேபெக்ல 150 வரைக்கும் தாங்கும். இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது: முதல்ல அவிழ்க்கிறது கோயில் காளைகள், அதை யாரும் பிடிக்க மாட்டாங்க. நிதானமா அதுங்களை எடுத்து எக்ஸ்போஷரைச் சரி பண்ணிக்குங்க. அதுக்கப்புறம் நிழல் நகர நகர, அரை மணிக்கு ஒரு தடவை ஐஎஸ்ஓ-வை ஏத்திக்கிட்டே வாங்க.

இந்த வருஷமும் டோக்கன் கிடைச்சது. காரி மூணு இருபதுக்கு வந்தான். ரோட்டுல பாதி வெயில், பாதி நிழல், அவன் நிழல் பக்கமாவே ஓடினான். ஐஎஸ்ஓ 3200, 1/1600. எட்டு படம். முதல் மூணுல ஒரு வீரர் முதுகு. நாலாவதுல ஃபோகஸ் பின்னாடி கேலரிக்குப் போயிடுச்சு. அஞ்சாவது படத்துல காரி அப்படியே இருக்கான். கண்ணு, மூக்குல ஈரம், கழுத்து மடிப்பு, நாலு காலும் தரையில இல்லை. வலது கொம்பை மட்டும் ஒரு தம்பியோட முழங்கை மறைச்சிடுச்சு. ஆறாவது படத்துல முழங்கை இல்லை, காரியும் இல்லை. வால் மட்டும்.

இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. என் கேமரா செகண்டுக்கு 3 படம்தான் எடுக்கும். ரெண்டு படத்துக்கு நடுவுல காரி 2.7 மீட்டர் ஓடிடுவான். 250-ல என் ஃப்ரேம் அகலமே 2.7 மீட்டர்தான். அதாவது ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவுல மொத்தக் காளையும் படத்தை விட்டு வெளியேறிடலாம். எந்த லென்ஸ் மாட்டினாலும் இது மாறாது. பழைய 7டி மார்க் 2 மாதிரி செகண்டுக்கு 10 படம் எடுக்கிற பாடி இருந்தா நடுவுல 80 சென்டிமீட்டர்தான், முழங்கை விலகின நொடி கிடைச்சிருக்கலாம். பத்து மாசமா லென்ஸ் விலை தேடினேனே, ஒரு நாள் கூட இந்தக் கணக்கைப் போடல.

அஞ்சாவது படத்தை 12-க்கு 18-ல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தா புள்ளி தெரியும், யாரும் அவ்வளவு கிட்டப் போகல. பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிய்யா. கொம்பு எங்க?"

முழங்கையைக் காட்டினேன். "அது யாரு?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன். "பிடிச்சானா?" இல்லை, கை வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் சிரிச்சார். இப்ப அந்தப் படம் கூடத்துல, காரி முன்னாடி ஜெயிச்சுக் குடுத்த அண்டாவுக்கு மேல தொங்குது. வர்றவங்ககிட்ட எல்லாம் முதல்ல கொம்பைக் காட்ட மாட்டார், முழங்கையைத்தான் காட்டுவார்.